மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாள்

ஃபிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து மேடையில் வைத்தவள் அடுப்பைப் பற்றவைக்காமல் அப்படியே நின்றாள். லைட்டர் கையில் இருந்தது, ஆனால் அதைப் பிடித்திருப்பது அவள் விரல்களுக்கே தெரியவில்லை. வலது கையில் நடுவிலிருக்கும் மூன்று விரல்கள், நுனியிலிருந்து இரண்டாவது கணு வரை, சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்திருந்தன. அதற்குக் கீழே கோடு போட்டுப் பிரித்த மாதிரி பழைய நிறம்.

"வந்துடுச்சா?" என்று கேட்டார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வந்துடுச்சு."

விருந்தாளியைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசிக்கொண்டார்கள். ஐந்து மாதமாகச் சொல்லாமல் கொள்ளாமல் வருகிற விருந்தாளி. அவர் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார். அவள் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இனி நடக்கப்போகிற வரிசை அவளுக்கு மனப்பாடம். முதலில் வெள்ளை. பிறகு நீலம். அப்புறம் இரத்தம் திரும்பி ஓடிவந்து விரல் சிவந்துபோய், எறும்புப் புற்றுக்குள் கையை விட்டது போலச் சுருக் சுருக்கென்று குத்தும். எல்லாம் அடங்க இருபது நிமிடம். கம்பெனிக்குப் போகிற பஸ் அவ்வளவு நேரம் நிற்காது.

"முகத்தைப் பாரு, ராத்திரி பூரா மூட்டை தூக்கின மாதிரி" என்றார் அவர்.

"மூட்டை தூக்கியிருந்தாக்கூட இப்படி அலுப்பு வராதுங்க. எழுந்திருக்கறப்பவே போய்ப் படுத்துக்கணும் போல இருக்கு."

"வயசாகுதில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

தீர்ப்புச் சொல்வது அவருக்குக் கை வந்த கலை. மருந்துக்கடையில் வேலை. ஒரே கடை, ஒரே கவுன்ட்டர், இருபத்திரண்டு வருடம். கடைக்கு மேல் மாடியில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் பெரிய டாக்டர் என்பதால் தெருக்காரர்கள் இவருக்குச் சின்ன டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாடிப்படி ஏற மூட்டு வலிக்கிறவர்கள், ஏறினால் காத்திருக்க வேண்டுமே என்கிறவர்கள், ஏறாமலே குணமாக வேண்டும் என்கிறவர்கள் எல்லோரும் கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றி, "சின்ன டாக்டர், எதாவது குடுங்க" என்பார்கள். இவர் கண்ணை லேசாகச் சுருக்கி, இரண்டே கேள்வி கேட்டு, பின்னால் திரும்பாமலே கையை நீட்டி அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுப்பார். நறுக்குகிற அழகைப் பார்க்கவே காசு கொடுக்கலாம். ஒரு மாத்திரைகூட உறை கிழிந்து வெளியே வராது.

பத்து அட்டை உள்ள பெட்டிக்குள் ஒரே ஒரு தாள் இருக்கும். பொடி எழுத்தில், எட்டாக மடித்து. மருந்து என்ன செய்யும், என்னவெல்லாம் செய்துவிடக்கூடும் என்று எழுதியிருக்கும் தாள். அட்டையை நறுக்கிக் கொடுக்கும் கடையில் அந்தத் தாள் யார் கைக்கும் போகாது. சின்ன டாக்டர் அதை வீணாக்குவதும் இல்லை. கவுன்ட்டர் கண்ணாடி துடைக்க அதைப் போல ஒரு தாள் கிடையாது, நூல் ஒட்டாது, கோடு விழாது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கால் குட்டை. அதற்கு அண்டை கொடுத்திருப்பதும் அதே தாள்கள்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அவற்றில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. மாடி டாக்டர் எழுதுவதைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் தெரியும் என்பது அவருடைய எண்ணம். பாதி தெரியும் என்பதென்னவோ உண்மை.

அவர் மனைவிக்கு வேலை காய்கறியை உறையவைத்துப் பாக்கெட் போடும் கம்பெனியில். பட்டாணி, சோளம், நறுக்கிய பீன்ஸ். கூடம் முழுக்க வருடம் பூராவும் மார்கழி. உள்ளே ஸ்வெட்டர், மேலே கோட்டு, கையில் துணி உறை, அதற்கு மேல் ரப்பர் உறை. ஓடுகிற பெல்ட்டுக்கு இருபக்கமும் பத்துப் பத்துப் பெண்கள். பெல்ட் போடுகிற சத்தத்தில் ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குக் கேட்காது என்பதால் லைன் லீடர் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். விசில் ஒருமுறை ஊதினால் பெல்ட் நிற்கும், இரண்டுமுறை ஊதினால் ஓடும். அந்த விசிலைப் பதினோரு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதிருக்கும் லைன் லீடர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், அடுத்தது நீதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து, "பதினோரு வருஷம் அடுத்தவங்க விசிலுக்கு ஓடினேன். இனி கொஞ்சம் நான் ஊதறேன்" என்றாள். அவள் சிரித்து அவர் வெகுநாள் கழித்துப் பார்த்தது அன்றுதான்.

சிரித்த மூன்றாவது நாள் பாக்கெட் ஒன்று அவள் கையிலிருந்து நழுவிப் பெல்ட்டில் சிக்கியது. கம்பெனி நர்ஸ் உறையைக் கழற்றிப் பார்த்தாள். மூன்று விரலும் வெள்ளை. "குளிர்க் கூடத்துல வேலை பார்க்கலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றாள். எழுதி வாங்கினால் விசில். வாங்காவிட்டால் விசில் மட்டுமல்ல, கூடமே இல்லை.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அவளுடைய தங்கை போனில், "மாமா, அக்காவுக்கு ரத்தம் பத்தல, அதான்" என்றாள். சின்ன டாக்டர் இரும்புச்சத்து டானிக் கொண்டுவந்தார். நாக்கு கறுத்ததே தவிர விரல் சிவக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒளிந்து ஒளிந்து அவர் பிடிக்கிற சிகரெட் புகைதான் காரணம் என்று அவள் ஒருநாள் சொன்னாள். ஒன்பது நாள் விட்டுப் பார்த்தார். எரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் அவர் சொன்னார், "கம்பெனிக் குளிர்தான். வேற என்ன இருக்கப்போகுது? பேசாம வேலையை விட்டுடு."

"என் பக்கத்துல பத்தொம்பது பேர் நிக்கிறாங்க. அதே குளிர், அதே பட்டாணி. பதினோரு வருஷமா என்னைக் கண்டுக்காம இருந்த குளிருக்கு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். அசதிக்காவது ஆகட்டும் என்று ஒரு பி காம்ப்ளெக்ஸ் எடுத்து நீட்டினார்.

இனி அந்த மாத்திரைக் கதையைச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பதினைந்து வருடமாக ஒற்றைத் தலைவலி. மாதத்துக்கு இரண்டு தடவை வந்தால் அது நல்ல மாதம். திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பாள். ஸ்பூன் விழுகிற சத்தம்கூட ஆகாது. ஏழு மாதத்துக்கு முன் அவர் ஒரு மாத்திரையைக் கொண்டுவந்தார். நெஞ்சுப் படபடப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பது. ஒற்றைத் தலைவலி வராமலே தடுக்கவும் மாடி டாக்டர் அதை எழுதுவார். "தினம் சாயங்காலம் ஒன்னு. விடாம போடு" என்றார். மூன்றே வாரத்தில் தலைவலி போன இடம் தெரியவில்லை. கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரைதான். பெரிய பெரிய டாக்டர்கிட்ட எல்லாம் போயும் தீராதது." இருபத்து நாலு வருடத் தாம்பத்தியத்தில் அவரை அவள் நாலு பேருக்கு முன்னால் புகழ்ந்தது அந்த ஒன்றுக்குத்தான். புகழ்ச்சி இவர் காதுக்குச் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தபோது, அன்று முழுக்க எதிரில் நின்றவர்களுக்கெல்லாம் சிரித்த முகமாக மருந்து கொடுத்தார்.

வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூட்டு, தோல் சம்பந்தப்பட்ட வியாதி பார்க்கும் டாக்டரம்மா. கண்ணுக்குக் கீழே கருவளையம், பேனாவைப் பிடித்த கை தளர்ந்திருந்தது. அவருக்கு அன்றைக்கு இவள் நாற்பதாவது நோயாளியாக இருந்திருக்கலாம். ஒரு கிண்ணத்துக் குளிர்ந்த தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் மூன்று விரலும் வெளுத்தன.

"குளிர் பட்டா எல்லாருக்குமே விரல்ல இருக்கற சின்ன ரத்தக்குழாய் சுருங்கும்மா. உடம்புச் சூடு வெளியே போகாம இருக்க உடம்பே பண்ற ஏற்பாடு. உங்களுக்கு அது அளவுக்கு மீறிச் சுருங்குது. இழுத்து மூடிடுது. ரத்தம் போகலன்னா வெள்ளை. திரும்பி வந்தா சிவப்பு. மனசுல கவலை, பதற்றம் இருந்தாக்கூட வரும்."

"கவலைக்கு என்ன பஞ்சம்?" என்றாள் அவள்.

டாக்டரம்மா சிரித்தார். "சின்ன வயசுலேருந்து இருந்தா பெரும்பாலும் பயப்பட ஒன்னுமில்ல. நாப்பது தாண்டிப் புதுசா வந்தா ஏன் வந்துச்சுன்னு தேடணும். அதிர்ற மிஷின் எதாவது கையில பிடிக்கறீங்களா? டிரில்லிங் மாதிரி?"

"இல்லைங்க."

"புகை?"

"நான் இல்லைங்க" என்று சொல்லிக் கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"தோல் இறுகின மாதிரி, வாயைத் திறக்கக் கஷ்டம், மூட்டு வீக்கம்?"

"இல்லைங்க."

"வேற எதுக்காவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அதை மாத்திரை என்று சொல்வதா என்பதே அவளுக்குச் சந்தேகம். டாக்டர் எழுதி, கடையில் வாங்கி, பையில் போட்டு வருவது மாத்திரை. இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பது வீட்டுச் சமாசாரம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார், "இல்ல மேடம். ஒன்னும் கிடையாது."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. கடைக்கு வந்த முதல் வாரத்திலேயே முதலாளி சொல்லிக்கொடுத்திருந்தார். 'டாக்டர் சீட்டு இல்லாம நாம கொடுத்ததைப் பத்தி டாக்டருங்க கேட்டா நமக்கு வாய் கிடையாது.' இருபத்திரண்டு வருடமாக டாக்டர் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் அவர் நாக்கு தானாகவே அந்தப் பதிலைச் சொல்லிவிடும். சொந்த மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நாக்குக்குத் தெரியாது. அவளும் சரிதான் போல என்று முன்னால் திரும்பிவிட்டாள். டாக்டரம்மா இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கொள்கிற வியாதிகள் சில இருக்கின்றன, அவற்றில் ஒன்றா என்று பார்க்கத்தான், இப்போதே பயப்பட வேண்டாம் என்றார். பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்?

அன்றிலிருந்து அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை மடக்குவாள், நீட்டுவாள், கன்னத்துத் தோலைக் கிள்ளி இழுத்துப் பார்ப்பாள். ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹாலில் யாரோ சொன்னார்களாம், அந்த மாதிரி வியாதி வந்த ஒரு பெண்ணுக்கு விரல் கொக்கி மாதிரி மடங்கிப் போய்ச் சோற்றைக்கூடப் பிசைய முடியாமல் ஆகிவிட்டதாம். "எனக்கு அப்படி ஆச்சுன்னா, கட்டிக் கொடுத்த நம்ம பொண்ணு வீட்டுல கொண்டுபோய் விட்டுடாதீங்க" என்றாள் ஒரு சாயங்காலம், சாதாரணமாக.

டாக்டரம்மா மாத்திரையைப் பற்றி ஏன் கேட்டார்? அந்தக் கேள்வி அவருக்குச் செருப்புக்குள் கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரம். அந்த மாத்திரைப் பெட்டியைப் புதிதாக ஒன்று உடைத்தார். தாளைப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கப் பழக்கதோஷத்தில் அந்தத் தாளையே எடுத்துவிட்டு, பிறகு சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு படித்தார். கொடுக்கக்கூடிய தொல்லைகள் என்று ஒரு பத்தி. அசதி. கெட்ட கனவுகள். கை கால் சில்லிடுதல். விரல்களில் இரத்தக்குழாய் சுருங்கி வெளுத்துப்போதல்.

மறுபடி படித்தார். அசதிக்கு அவர் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தார். நடு ராத்திரியில் யாரோ துரத்துகிறார்கள் என்று அவள் பதறி எழுந்தபோது, டிவி பார்ப்பதைக் குறைக்கச் சொன்னார். விரலுக்குக் கம்பெனியைத் திட்டினார். மூன்றும் ஒரே வரிசையில், ஒரே பத்தியில், ஏழு மாதமாக அவர் கைக்கெட்டும் தூரத்தில் அச்சடித்துக் கிடந்தன. அந்தத் தாளில் ஏழெட்டை அவரே கண்ணாடி துடைத்துக் குப்பையில் போட்டிருக்கிறார். ஒன்றிரண்டு அவள் தினமும் மாத்திரை விழுங்குகிற மேசையின் காலுக்குக் கீழே கிடக்கின்றன.

அன்றே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் சொன்னால் அவள் முதலில் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். டாக்டரம்மா முன்னால் ஏன் இல்லை என்றீர்கள்? அதற்குப் பிறகு தெரு அவரைச் சின்ன டாக்டர் என்று கூப்பிடும்போதெல்லாம் அவள் எப்படிப் பார்ப்பாள் என்பதும் தெரியும். தலைவலியை விரட்டிய அந்த ஒரு பெருமை. அதையும் கொடுத்துவிட்டால் கையில் வேறென்ன இருக்கிறது?

ஆகவே சத்தம் காட்டாமல் சரிசெய்துவிடலாம் என்று முடிவெடுத்தார். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாதியாக வெட்டி வைத்தார்.

"என்னங்க, பாதிதான் இருக்கு?"

"வரத்து இல்ல. கம்பெனியிலேருந்து சரக்கு வர்ற வரைக்கும் பாதி பாதியா ஓட்டுவோம்."

"சரி" என்று விழுங்கினாள். அவர் கொடுத்த மாத்திரையை அவள் இதுவரை சந்தேகப்பட்டதே இல்லை.

விரல் அவ்வளவு சீக்கிரம் மனம் மாறவில்லை. வியாழக்கிழமை மறுபடி அதே அறை. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, பயந்த வியாதி எதுவும் இல்லை என்றார் டாக்டரம்மா. அவள் மடக்கி வைத்திருந்த விரல்களை நீட்டினாள். "ஆனா காரணம் எதுவும் கிடைக்கல. காரணம் தெரியாத வரைக்கும் உங்களைக் குளிர்ல நிக்க வைக்க நான் எழுதித் தர முடியாது. விரல் நுனி புண்ணாயிடும்."

"எனக்கு நாளைக்குள்ள வேணுங்களே."

"என்ன பண்றதும்மா? குளிர் கூடாதுன்னுதான் எழுத முடியும்."

எழுதினார். பேனா ஓடுகிற சத்தம் கணவருக்கு நன்றாகக் கேட்டது. இப்போது சொல் என்று ஒரு மனம் தள்ளியது. போன வாரம் இல்லை என்றாயே என்று இன்னொரு மனம் வாயைப் பொத்தியது. முதல் தடவை நாக்கு செய்த தப்பு. இரண்டாவது தடவை அவர் தெரிந்தே செய்தது. கடிதத்தை மடித்து உறையில் போட்டு அவரிடம்தான் கொடுத்தார்கள், அவள் கை உறையைப் பிடிக்கத் தடுமாறியதால். பஸ்ஸில் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, "நானும் வர்றேன்" என்றார்.

"எதுக்கு? லெட்டரைக் கொடுத்துட்டு, லாக்கரைக் காலி பண்ணிட்டு வரப்போறேன். அதுக்கு ரெண்டு ஆளா?"

"பை கனமா இருக்கும்."

கம்பெனி வாசலில் வருகை பதிகிற மிஷின். விரலை வைத்தால் பச்சை விளக்கு எரிய வேண்டும். காலைக் காற்றில் அவள் விரல் ஏற்கெனவே வெளுத்திருந்தது. வைத்தாள். மறுபடி முயற்சிக்கவும் என்றது மிஷின். வைத்தாள். மறுபடி முயற்சிக்கவும். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். காவலாளி பழக்கப்பட்டவராகத் தன் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினார். ஐந்து மாதமாகத் தினமும் நடக்கிறது என்பது அவர் நீட்டிய விதத்திலேயே தெரிந்தது. கணவருக்கு அது அன்றுதான் தெரிந்தது.

"வைங்க அக்கா. மிஷினுக்கு உங்க மேல என்ன கோபமோ."

"இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்கச் சொல்லு தம்பி" என்றாள். "நாளைலேருந்து அதுக்கும் நிம்மதி, உனக்கும் வெந்நீர் மிச்சம்." அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை. ஃபிளாஸ்க் மூடியில் இருந்த தண்ணீருக்குள் விரலை விட்டபோது அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"லெட்டரைக் கொடுக்காத" என்றார் அவர்.

"என்ன?"

"குளிர் இல்ல. நான் கொடுத்த தலைவலி மாத்திரை. அதுதான் காரணம். தாள்ல போட்டிருக்கு." பையை மறு கைக்கு மாற்றினார். "அதை விட்டா சரியாயிடும். டாக்டரம்மாகிட்டச் சொன்னா மாத்தி எழுதித் தருவாங்க."

வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். காவலாளி ஃபிளாஸ்க்கைத் துடைப்பதில் மும்முரமானார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவர் பிறகு பலநாள் நினைத்தார்.

"எப்பத் தெரியும்?"

"போன சனிக்கிழமை."

"நேத்து டாக்டரம்மா எழுதிட்டிருந்தாங்களே, அப்ப?"

"தெரியும்."

"வரத்து இல்லன்னு பாதி பாதியா வெட்டிக் கொடுத்தது?"

அவள் வெந்நீருக்குள்ளிருந்த விரல்களைப் பார்த்தாள். மெதுவாக நீலம் வந்தது, பிறகு சிவப்பு. "ஒரு வாரமா விரல் மடங்கிப் போயிடும்னு தூங்காம கிடந்தேன். பக்கத்துலதான படுத்திருந்தீங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, அத்தனை அசந்திருந்தது. முந்தானையில் விரலைத் துடைத்து மிஷினில் வைத்தாள். பச்சை எரிந்தது.

"பையைக் கொடுங்க. நீங்க கடைக்குப் போங்க."

"நானும் ஆஸ்பத்திரிக்கு..."

"வேண்டாம். இந்தத் தடவை கேள்வி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவர் கடைக்குப் போனார். வேறு எங்கே போவார்? பதினோரு மணிக்கு ஒருவர் முழங்கையை ஊன்றி, "சின்ன டாக்டர், ரெண்டு நாளா தலை கிர்ருங்குது. எதாவது குடுங்க" என்றார். கை பழக்கத்தில் பின்னால் நீண்டது. அலமாரி வரை போய், வெறுமனே திரும்பி வந்தது.

"மாடிக்குப் போங்க" என்றார்.

"மாடிக்கா? அங்க ஒரு மணி நேரம் உக்காரணுமே."

"உக்காருங்க."

வந்தவர் அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டு மாடிக்குப் போகாமல் எதிர்ப்பக்க மருந்துக்கடைக்குப் போனார். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "உடம்புக்கு எதாவது சரியில்லையா?" என்று கேட்டார். மாலை வரை அவர் சீட்டு இல்லாமல் யாருக்கும் எதுவும் தரவில்லை. முதலாளியின் முகம் கடுத்துக்கொண்டே போனது.

அவர் வீட்டுக்கு வந்தபோது திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. பக்கத்தில் வாளி. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆறு மாதமாக வராதது வந்துவிட்டது. அவர் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றினார்.

"அரை நாள் லீவு போட்டுட்டு டாக்டரம்மாவைப் பார்த்தேன்" என்றாள், திரும்பாமல், மெல்லிய குரலில். "அந்த மாத்திரைதான் காரணமா இருக்கும்னாங்க. நிறுத்திப் பார்த்தா தெரிஞ்சுடும். நிறுத்தறதுக்கு ஒரு கணக்கு எழுதியிருக்காங்க. தலைவலிக்கு வேற மாத்திரை. முதல்லயே சொல்லியிருந்தா ஊசி குத்தி ரத்தம்கூட எடுத்திருக்க வேண்டாம்னு சொன்னாங்க. உங்களைப் பத்தி வேற ஒன்னும் கேக்கல."

"கம்பெனில?"

"ரெண்டு மாசம் லேபிள் ஒட்டற பக்கம். அதுக்குள்ள விரல் சரியானா கூடத்துக்குத் திரும்பலாம். விசில் அதுவரைக்கும் காத்திருக்காது. அடுத்த ஆளுக்குக் கொடுத்துட்டாங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் நெற்றியில் கையை வைத்தார். தட்டிவிடுவாள் என்று நினைத்தார், தட்டவில்லை. எவ்வளவோ சொல்ல வேண்டும் என்றிருந்தது. மன்னித்துவிடு என்கிற வார்த்தையை இருபத்து நாலு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் புழங்கியதில்லை, எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. தேடியதில் கையில் கிடைத்ததை எடுத்து, "தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

"ம்" என்றாள். தலையணைக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். "இதை வாங்கிட்டு வாங்க."

"இப்பவே போறேன். கடை திறந்துதான் இருக்கு."

"உங்க கடையில வேண்டாம்."

அவர் எழுந்தார்.

எதிர்ப்பக்கக் கடையில் கூட்டம். இருபத்திரண்டு வருடமாகக் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமே நின்ற மனிதர், இந்தப் பக்கம் நான்காவது ஆளாக நின்றார். சொந்தக் கடையிலிருந்து முதலாளி தன்னைப் பார்ப்பது தெரிந்தும் திரும்பவில்லை. அவர் முறை வந்தபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் சீட்டைப் படித்து, புதுப் பெட்டி ஒன்றை உடைத்து, அட்டையை உருவி, கத்தரிக்கோலால் பத்து மாத்திரை நறுக்கினாள். நறுக்கிய விதம் அவ்வளவு சுத்தம் இல்லை, ஒரு உறை ஓரம் கிழிந்தது. பெட்டிக்குள்ளிருந்த தாளை எடுத்துக் கண்ணாடியை ஒரு துடைப்புத் துடைத்து, காலடிக் கூடையில் போட்டாள்.

"வேற எதாவது வேணுமா சார்?" என்று கேட்டாள்.

"அந்தத் தாள்" என்றார். "அதையும் கொடுங்க."